அம்மாவுக்கு அபாடசெப்ட் ஊசி: டி செல்லை ஏன் அடக்க வேண்டும்?

வணக்கம் தம்பி. அம்மாவின் முடக்கு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மருந்து மட்டும் போதாமல் டாக்டர் அபாடசெப்ட் எழுதியிருக்கிறார், எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தால் ஆபத்தில்லையா என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். என் அக்காவுக்கும் இதே நோய்; காலையில் ஒரு மணி நேரம் ஜாக்கெட் கொக்கியைக்கூட மாட்ட முடியாது.

இங்கே எதிர்ப்புச் சக்தி ஆளை மாற்றி அடிக்கிறது. சிட்ருலின் மாற்றம் என்ற சிறு வேதி மாற்றம் அடைந்த நம் சொந்தப் புரதங்களையே எதிரி என்று நினைத்து, சிடி4 வகை டி செல்கள் (எதிர்ப்புச் சக்தியை வழிநடத்தும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) மூட்டுச் சவ்வுக்குள் கூடிவிடுகின்றன. அவை மற்ற செல்களைத் தூண்டிவிட, டிஎன்எஃப் போன்ற, அழற்சியைக் கிளப்பும் பொருட்கள் சுரந்து சவ்வு தடித்து வீங்குகிறது. எலும்பை அரிக்கும் செல்களும் விழித்துக்கொள்கின்றன. கை விரல் கோணுவது இதனால்தான்.

டி செல் முழுதாக விழிக்க இரண்டு சைகைகள் வேண்டும். அபாடசெப்ட் இரண்டாவது சைகையை மட்டும் மறைக்கும், செல்லைக் கொல்லாது. அமெரிக்காவில் 2005-லேயே அனுமதி பெற்ற மருந்து.

ஆனால் தொற்று வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அதனால் முதல் ஊசிக்கு முன்பே காசநோய், ஹெபடைடிஸ் பி பரிசோதனை முடிந்ததா என்று கேளுங்கள். காய்ச்சல், சளி இருந்தால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், பலன் தெரிய சில வாரங்கள், சிலருக்கு மாதங்களே ஆகும். அதற்குள் மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.