மீசையில மண்ணு ஒட்டுற இடம்

அண்ணா வணக்கம்,

நான் அனிமேஷன் ஃபைனல் இயர் படிக்கிறேன், சொந்த ஊர் திருப்பூர். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு நிமிஷ காமெடி படம் பண்ணணும். "நிஜ மனுஷங்கள கவனி, காமெடி தானா வரும்"னு எங்க சார் சொன்னாரு. நானும் கவனிச்சேன். போன மாசம் சித்தப்பாகூட பஸ்ல கோயம்புத்தூர் போகும்போது அவரு ஒரு மஞ்சப்பைய கட்டிப்பிடிச்சுட்டு தூங்கி, பக்கத்து சீட்டுக்காரர் தோள்ல சாஞ்சு சாஞ்சு விழுந்தாரு. போன்ல வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதையே ஃபிரேம் ஃபிரேமா ட்ரேஸ் பண்ணி, சித்தப்பாவ கரடியா மாத்தி 2டில பண்ணேன். க்ளாஸ்ல போட்டா ஒருத்தரும் சிரிக்கல. ஒருத்தன் மட்டும் "கரடிக்கு உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டான். போதாக்குறைக்கு விஷயம் தெரிஞ்சு சித்தப்பா ரெண்டு வாரமா என்கிட்ட பேசல.

நிஜத்த அப்படியே எடுத்தும் ஏன் சிரிப்பு வரல? சொந்தக்காரங்கள வச்சு காமெடி பண்றது தப்பா? பஸ் தூக்கம் எல்லாம் ரொம்ப லோக்கலா இருக்கோ, வெளியூர்க்காரங்களுக்கு புரியுமா?

ம., திருப்பூர்

*

அன்புள்ள ம.,

கரடிக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டான்ல, அவனுக்கு மொதல்ல ஒரு டீ வாங்கிக் குடுங்க. க்ளாஸ்லயே அவன் ஒருத்தன்தான் பிரச்சனைய சரியா சொல்லியிருக்கான்.

உங்க குரூப்ல எல்லாரும் சிரிச்சது தூக்கத்தப் பாத்து இல்ல, சித்தப்பாவப் பாத்து. எனக்கு அவரத் தெரியாது, ஆனா அனேகமா "நானெல்லாம் பஸ்ல கண்ணே மூட மாட்டேன், பொருள் போயிரும்"னு ஊருக்கே உபதேசம் பண்ற ஆளாத்தான் இருப்பாரு, அந்த ஆளு வாயப் பொளந்துட்டு யாரோ ஒருத்தர் தோள்ல கிடந்தா குடும்பம் சிரிக்காம என்ன செய்யும். க்ளாஸ்ல உக்காந்திருக்கிறவனுக்கு அந்த முன்கதை எதுவும் தெரியாது. அவன் பாத்தது ஒரு கரடி, தலை கீழ போகுது மேல வருது, அவ்ளோதான்.

அடுத்து அந்த ட்ரேஸ் விஷயம். இது நீங்க மட்டும் விழுந்த குழி இல்ல, நூறு வருஷத்துக்கும் மேல எல்லாரும் வரிசையா வந்து விழுந்த குழி. 1915லயே அமெரிக்காவுல மேக்ஸ் ஃப்ளைஷர்னு ஒரு அனிமேட்டர் ரோட்டோஸ்கோப்புக்கு, அதாவது ஃபிலிம ட்ரேஸ் பண்ற கருவிக்கு, பேடன்ட் கேட்டு அப்ளை பண்ணாரு. தம்பி டேவுக்கு கோமாளி டிரெஸ் மாட்டிவிட்டு ஆடச் சொல்லி, அந்த ஃபிலிம ஒவ்வொரு ஃபிரேமா கண்ணாடியில விழ வச்சு அது மேலயே வரைஞ்சாங்க, கோக்கோன்னு ஒரு கோமாளி அப்படித்தான் பொறந்தான். அந்தக் காலத்துக்கு அது பெரிய அதிசயம். பின்னாடி டிஸ்னில 1937ல வந்த ஸ்னோ ஒயிட்டுக்கும் மார்ஜ் பெல்ச்சர்னு ஒரு டான்ஸர் பொண்ண நடிக்க வச்சு ஷூட் பண்ணி ரெஃபரன்ஸா வச்சுக்கிட்டாங்க. ஆனா ஃபிலிம அப்படியே ட்ரேஸ் பண்ணா உயிரு போயிருதுன்னு அங்க வேலை பாத்த அனிமேட்டர்களே பின்னாடி எழுதி வச்சிருக்காங்க. அந்தப் படத்துல வர்ற இளவரசன் மூஞ்சி ஞாபகம் இருக்கா உங்களுக்கு? எனக்கும் இல்ல. ட்ரேஸ் பண்ணாம இஷ்டத்துக்கு பெருசுபடுத்தி வரைஞ்ச ஏழு குள்ளர்கள யாரு மறந்தா?

நிஜத்துல ஒரு மனுஷன் ஒரு செகண்டுல பத்து வேலை செய்றான். மூச்சு விடுறான், சட்டை அசையுது, பஸ் குலுங்குனா அவனும் குலுங்குறான், கழுத்து லேசா திரும்புது. நேர்ல பாக்கும்போது நம்ம கண்ணு மத்ததையெல்லாம் தள்ளிவிட்டு ஒண்ணே ஒண்ண மட்டும் புடிச்சுக்கும். கேமராவுக்கு அந்த அறிவு கிடையாது, பத்தையும் ஒரே தட்டுல போட்டுக் குடுக்கும், நீங்க பத்தையும் சின்சியரா ட்ரேஸ் பண்ணியிருக்கீங்க. சிரிக்க வேண்டிய அந்த ஒண்ணு கூட்டத்துல காணாமப் போச்சு.

சரி அந்த ஒண்ணு எங்க இருக்கு? குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலன்னு நம்ம ஊர்ல சொல்லுவோம்ல, அங்கதான். விழுறதுல ஒண்ணும் இல்லீங்க, அது வெறும் ஃபிஸிக்ஸ். விழுந்தவரு மண்ணு ஒட்டலன்னு காட்டுறதுக்கு படுற பாடு இருக்கே, அதுதான் சரக்கு.

போன மழையில எங்க தெரு மளிகைக்கடை வாசல்ல ஒருத்தரு ஸ்கூட்டியோட வழுக்கி விழுந்தாரு, நல்லவேளை அடி எதுவும் இல்ல. எந்திரிச்சதும் முட்டியப் பாக்கல, வண்டியப் பாக்கல. மொதல்ல கடையப் பாத்தாரு, யாராச்சும் பாத்தாங்களான்னு. நாங்க நாலு பேரு பாத்துட்டுத்தான் நின்னோம். உடனே குனிஞ்சு முன் டயர ரெண்டு விரலால அமுக்கிப் பாத்தாரு, உச்சுக் கொட்டுனாரு, தலைய ஆட்டுனாரு. டயர்ல ஒரு குறையும் இல்ல, காத்து கல்லு மாதிரி இருந்துச்சு. அந்த ரெண்டு விரலு இருக்கு பாருங்க, அத அன்னைக்கே நோட்டுல வரைஞ்சு வச்சேன். விழுந்தத வரையவே இல்ல.

சக் ஜோன்ஸ்னு ஒரு அமெரிக்க டைரக்டர் 1949ல இருந்து பண்ண அந்த கயோட்டி கார்ட்டூன்கள, அதான் ரோடு ரன்னர் பறவைய துரத்துற ஓநாய் மாதிரி மிருகம், இப்ப திரும்ப ஒருதடவ போட்டுப் பாருங்க. மலை விளிம்பத் தாண்டி காத்துல நிக்கும், கீழ ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சதும் உடனே விழாது, நம்மள ஒரு பார்வை பாத்துட்டுத்தான் விழும். கயோட்டிக்கு அடிபடுறத விட மானம் போறதுதான் எப்பவும் பெருசா இருக்கணும்னு ஜோன்ஸ் ரூலாவே எழுதி வச்சிருந்தாரு. நமக்கு இது புதுசா என்ன, அடி வாங்கிட்டு சட்டைய உதறிவிட்டு கெத்தா நடந்து போற வடிவேலுவப் பாத்து வளந்த கூட்டம்தானே நாம.

இப்ப உங்க கரடிக்கு வருவோம். தலை சாய்றதுக்கு ஒரு 70 ஃபிரேம் குடுங்க, மூணு செகண்டுக்கு கொஞ்சம் கம்மி, மெதுவா. டக்குன்னு மேல வர்றதுக்கு நாலே ஃபிரேம். அதுக்கப்புறம் 24 ஃபிரேம், முழுசா ஒரு செகண்ட், ஒண்ணுமே அசையக்கூடாது. உங்க வீடியோவுல இந்த கேப் இருந்திருக்காது, நீங்கதான் உண்டாக்கணும். அப்புறம் கண்ணு மட்டும் பக்கத்து ஆளு பக்கம் போகணும், தலை போகக்கூடாது. தலையும் சேந்து திரும்பினா அது சும்மா பாக்குறது, கண்ணு மட்டும் போனாத்தான் திருட்டுப் பார்வை. எச்சிலத் துடைக்க கை வாய்கிட்ட வரும், பக்கத்து ஆளு பாக்குறது தெரிஞ்சதும் அந்தக் கை பாதி வழியில மீசைய நீவுற கையா மாறிடணும். கடைசியா ஜன்னல் வழியா வெளிய பாத்து, பஸ் அவிநாசி தாண்டி எவ்ளோ நேரமோ ஆச்சு, "ம்ம்... அவிநாசி வருது"ன்னு அதிகாரமா சொல்லணும். கரடிக்கு மீசை உண்டான்னு கேக்காதீங்க, வைங்க.

நிஜ மனுஷங்கள வச்சு பண்றதுன்னா எனக்கு பாடமே நிக் பார்க்தான். இங்கிலாந்து பிரிஸ்டல்ல ஆர்ட்மன்னு களிமண் பொம்மைய வச்சு படம் எடுக்கிற ஸ்டுடியோ இருக்கு, அங்க டைரக்டர் அவரு. அவங்க 1970கள் கடைசியிலயே நிஜமா மனுஷங்க பேசுறத டேப் பண்ணி, அதுக்கு களிமண் பொம்மைய நடிக்க வச்சுப் பாத்தவங்க. அதே வழியில 1989ல பார்க் எடுத்தது 'க்ரீச்சர் கம்ஃபர்ட்ஸ்', அஞ்சு நிமிஷம்தான். சாதாரண ஆளுங்கள பேட்டி எடுத்து, அந்தக் குரல எடிட் பண்ணி ஜூவுல இருக்கிற மிருகங்க வாயில வச்சாரு. அதுக்கு ஆஸ்கர் கிடைச்சுது, அதே பிரிவுல அந்த வருஷம் தோத்ததுல ஒண்ணு அவரோடதே இன்னொரு படம்ங்கிறது தனிக் கூத்து. 'க்ரீச்சர் கம்ஃபர்ட்ஸ்'ல இங்கிலாந்துல இருந்த ஒரு பிரேசில்காரரோட குரல் வரும். இடம் பத்தல, சாப்பாடு சரியில்ல, எங்க ஊர்ல எவ்ளோ இடம் தெரியுமான்னு பொலம்புவாரு, வெளிநாட்டுக்குப் போன யாரும் முதல் வருஷத்துல பேசுற பேச்சுதான். அந்தப் பேச்ச கூண்டுக்குள்ள இருக்கிற ஒரு சிறுத்தை வகை மிருகம் பேசுனா எப்படி இருக்கும்? ஒரு வார்த்தைய மாத்தல, சொல்ற ஆளத்தான் மாத்துனாரு.

அதுல நான் திரும்பத் திரும்ப பாக்குறது வேற. பேட்டியில வர்ற 'ம்', 'அது வந்து', பாதியில விட்ட வாக்கியம் இதையெல்லாம் அவரு வெட்டிப் போடல. வாய் நிக்கிற அந்த இடத்துலதான் கண்ணையும் கையையும் வேலை செய்ய விடுவாரு. மைக் முன்னாடி உக்கார வச்சா நம்ம மாமா அத்தையெல்லாம் திடீர்னு நியூஸ் வாசிக்கிறவங்க மாதிரி நிமிந்து உக்காருவாங்கல்ல, அந்த மொத்த நாடகமும் களிமண்ல இருக்கும். களிமண்ல தானா எதுவும் வராது பாருங்க. நடிகர்னா கேக்காமலே மூக்கச் சொறிவாரு, பொம்மை சொறியணும்னா யாரோ ஒருத்தர் உக்காந்து ஃபிரேம் ஃபிரேமா அந்தக் கைய நகத்தணும்.

2016ல வந்த 'ஸூட்டோபியா'வுல லைசென்ஸ் ஆபீஸ் சீன் எல்லாருக்கும் தெரியும், கவுன்டர் பூரா ஸ்லாத்துங்க, அதான் மெதுவா நகர்றதுக்கே பேர் போன மிருகம், ஒரு நம்பர் டைப் பண்ணவே ஒரு யுகம் ஆகும். கவர்மென்ட் ஆபீஸ்ல டோக்கன் வாங்கி உக்காந்தவன் யாரும் சிரிச்சுருவான், அதுல விளக்க ஒண்ணும் இல்ல. ஆனா ஸ்லோவா இருக்கிறது மட்டும் ரெண்டாவது நிமிஷத்துல சலிச்சிருக்கும். வேலையா வந்த ஒரு நரியும் முயலும் ஃப்ளாஷ்னு ஒரு ஸ்லாத் முன்னாடி நிக்கும். நரி அந்த ஃப்ளாஷ்கிட்ட ஒரு மொக்க ஜோக் சொல்லும், ஃப்ளாஷ் மூஞ்சியில சிரிப்பு இஞ்ச் இஞ்சா விரியும், முயலுக்கு பொறுமை போயிட்டு இருக்கும், சரி சிரிச்சு முடிச்சாச்சு இனி வேலை நடக்கும்னு பாத்தா ஃப்ளாஷ் மெதுவா திரும்பி பக்கத்து சீட்டு ஸ்லாத்துக்கு அதே ஜோக்க முதல்லருந்து சொல்ல ஆரம்பிக்கும். அய்யோ சாமி! அது ஸ்லாத் பண்ற வேலையே இல்ல, அச்சு அசல் கவுன்டர் மனுஷன் பண்ற வேலை. அதுலயும் ஃப்ளாஷ் கெட்டவன் கிடையாது, பாசக்காரன், அதனாலதான் கோவப்படவும் முடியல.

சித்தப்பா கோவத்துக்கு வர்றேன். என் கதை ஒண்ணு சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க. நான் முன்னாடி ஒரு ஸ்டுடியோவுல இருந்தப்ப எங்க மேனேஜர் ஒருத்தரு எத கேட்டாலும் "ரெண்டே நிமிஷம்"னு சொல்லிட்டு பேன்ட்ட ஒருதடவ இழுத்து விட்டுப்பாரு, சம்பளம் பத்தி கேட்டா ரெண்டு தடவ. அந்த இழுப்ப ஒரு சின்னப்பசங்க சீரியல்ல வர்ற கொக்குக்கு வச்சுட்டேன், கொக்குக்கு பேன்ட் இல்ல, அதனால றெக்கையால வயித்தத் தூக்கி விட்டுக்கும். டெஸ்ட் போட்டுக் காட்டுற அன்னைக்கு எனக்கு உள்ளுக்குள்ள உதறல். அவரு கண்ணுல தண்ணி வர சிரிச்சுட்டு "நம்ம அக்கவுண்ட்ஸ்காரர அப்படியே உரிச்சு வச்சிருக்கய்யா"ன்னு சொல்லி, எந்திரிச்சு பேன்ட்ட இழுத்து விட்டுட்டுப் போனாரு.

யாருக்கும் அவங்க நடை அவங்களுக்குத் தெரியாது. மூஞ்சிய எடுக்காம பழக்கத்த மட்டும் எடுத்தா பாதி பிரச்சனை தீந்துரும். திக்குவாய், கால் தாங்குறது மாதிரி ஒருத்தர் கையில இல்லாத விஷயத்துல கைய வைக்காதீங்க, அத அவரு எங்க மறைக்கப் பாக்குறாரு, அதுபாட்டுக்கு இருக்கு, அதுல என்ன ஜோக். உங்க கேஸ்ல சித்தப்பாவுக்கு கோவம் கரடி மேல இருக்காதுன்னு நினைக்கிறேன், தூங்குற மனுஷன அவருக்குத் தெரியாம எடுத்து குரூப்ல விட்டீங்களே, அது மேல இருக்கும். அதுக்கு நேர்ல போய் ஸாரி கேக்கணும், அனிமேஷன்ல சரி பண்ண முடியாது.

லோக்கலா இருக்கோன்னு கவலையே வேண்டாம். பீட் டாக்டர்ங்கிற பிக்ஸார் டைரக்டர், தன் பொண்ணு 11 வயசுல திடீர்னு பேச்சக் கொறச்சுட்டாளே, அவ மண்டைக்குள்ள என்னதான் ஓடுதுன்னு யோசிச்சதுலருந்துதான் 'இன்சைட் அவுட்' படம் ஆரம்பிச்சது, 2015ல வந்துச்சு. அதவிட லோக்கல் என்ன இருக்கு, அவரு வீட்டு டைனிங் டேபிள்தானே அது. குழந்தை ப்ரோக்கலி வேண்டாம்னு அடம்புடிக்கிற சீன் அதுல உண்டு, ஜப்பான்ல பசங்களுக்கு ப்ரோக்கலி புடிக்கும்ங்கிறதால அங்க மட்டும் பச்சை குடைமிளகாயா மாத்துனாங்க. காய்தான் மாறுச்சு, தட்டப் பாத்ததும் மூஞ்சி சுளிக்கிறது மாறல. பஸ், மஞ்சப்பை, அவிநாசி எல்லாம் அந்தக் காய் மாதிரி, நம்ம ஊர்க் காயே இருக்கட்டும், மாத்தாதீங்க.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன். சித்தப்பா அந்த மஞ்சப்பைய கட்டிப்பிடிச்சுட்டு தூங்குனாருன்னு எழுதியிருக்கீங்க, தலை யாரு தோள்ல கிடந்தாலும் கை பைய விடலன்னுதான் எனக்குத் தோணுது. உள்ள என்ன இருந்துச்சுன்னு எழுதவே இல்லையே? பத்திரமா, பணமா, இல்ல சித்தி குடுத்துவிட்ட முறுக்கா? ஸாரி கேக்கப் போகும்போது அப்படியே அதையும் கேட்டுட்டு வாங்க. அது தெரியாம கரடியோட கை எப்படி இருக்கணும்னு என்னால சொல்ல முடியாது.