ரைட் பேட்மன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சாஸிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வான ரைட் பேட்மன் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வங்கிகளோடு ஓயாமல் மோதியவர், எளியவர்களின் ஆள், பாப்புலிஸ்ட் என்று உடனிருந்தவர்கள் சொல்வதையே முழுக்க எழுதியிருந்தீர்கள். ஆனால் பள்ளிகளில் கறுப்பு, வெள்ளைக் குழந்தைகளைச் சேர்த்து உட்காரவைப்பதை எதிர்த்து 1956ல் வந்த தென்மாநில அறிக்கையில் அவர் கையெழுத்தும் இருக்கிறதே? அதை ஏன் விட்டீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

விட்டது என் தவறுதான்.

பாப்புலிஸ்ட் என்றால் நமக்கு இலவசம் கொடுப்பவர் என்று ஆகிவிட்டது. அமெரிக்கத் தெற்கில் அந்தச் சொல்லுக்குப் பருத்திக்காட்டு வாசனை உண்டு. விளையப்போகும் பருத்தியை ஈடுவைத்துக் கடைக்காரரிடம் விதையும் மளிகையும் வாங்கி, அறுவடை முடிந்தும் கடன் தீராமல் நின்றவர்களின் கோபம் அது. பேட்மனே 1913, 1914ல் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டவர். 1929ல் காங்கிரசுக்குள் வந்தவர் 1976ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். முதல் உலகப்போர் வீரர்களுக்கு 1945ல் தரவேண்டிய போனஸை உடனே கொடு என்று விடாமல் மசோதா போட்டார். 1936ல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் வீட்டோவையும் (மறுப்பாணை) தாண்டி அது நிறைவேறியது. அதே ஆண்டு, பெரிய சங்கிலிக் கடைகள் மட்டும் மலிவு விலையில் சரக்கெடுப்பதைத் தடுக்க ராபின்சன்-பேட்மன் சட்டம்.

அவரோடு வேலைபார்த்தவர்கள் பார்த்த பேட்மன் பெரும்பாலும் அவர் தலைவராக இருந்த காங்கிரசின் வங்கிக் குழு அறையில் இருந்தவர். அங்கே அவர் அசாத்தியமானவர்தான். 1972ல், வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்து பிடிபட்ட திருடர்களுக்குப் பணம் எந்த வழியாக வந்தது என்று முதலில் நோண்டத் தொடங்கியவர்களில் ஒருவர். இதை எப்படியாவது நிறுத்தவேண்டும் என்று அதிபர் நிக்சன் பேசியது வெள்ளை மாளிகை ஒலிநாடாவிலேயே இருக்கிறது. அக்டோபர் 3 அன்று குழு 20-15 என்று விசாரணையைத் தடுத்தது. அந்த இருபதில் ஆறு பேர் பேட்மனின் சொந்தக் கட்சிக்காரர்கள். கிழவர் விடவில்லை. சில நாட்கள் கழித்துக் கூட்டம் போட்டு, வராத சாட்சிகளின் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசினார். அதே வாட்டர்கேட் அலையில் ஜெயித்துவந்த இளம் உறுப்பினர்களின் ஆதரவோடு 1975 ஜனவரியில் அவரது குழுத் தலைவர் பதவி பறிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 81. இந்த அறைக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கையெழுத்து கண்ணில் படாது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நான்தான் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.

அந்தக் காலத்தில் தெற்கில் எல்லோரும் அப்படித்தான் என்று அவருக்காக வாதாடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. டெக்சாஸிலிருந்து கையெழுத்திட்டவர்கள் சிலர் மட்டுமே. சபாநாயகர் சாம் ரேபர்ன் போடவில்லை. 1920களில் மாநிலச் சட்டமன்றத்தில் பேட்மனோடு சேர்ந்து கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பை எதிர்த்தவர் சாம் ஜான்சன். அவருடைய மகன், பின்னாளில் அதிபரான லிண்டனும் போடவில்லை. (செனட்டில் கட்சித் தலைவர் என்பதால் லிண்டனை யாரும் வற்புறுத்தவில்லை, அது வேறு.) கிளானை எதிர்த்து நின்ற பேட்மன் போட்டார். அவருடைய எளியவர்களில் கடனில் இருந்த வெள்ளைக் குத்தகைக்காரர் இருந்தார். அடுத்த வயலில் அதே கடைக்காரரிடம் அதே கடனில் நின்ற கறுப்பினத்தவருக்கு அந்தக் கையெழுத்தில் இடமில்லை.

கட்டுரையில் இதை இன்று சேர்த்துவிட்டேன்.