வாசகர் கேள்வி: ரத்தம் கொடுக்கும் நாள்

கேள்வி: வயது 33. குழந்தைக்காக ஓராண்டாக முயல்கிறோம். மாதவிடாய் 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும். 21-ஆம் நாள் எடுத்த ரத்தத்தில் புரோஜெஸ்ட்டிரோன் ஹார்மோன் 3 நானோமோல்தான். கருமுட்டையே வெளியாகவில்லையா? முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் 14.3; சென்னையில் தங்கைக்கு 2.1. ஏன் இவ்வளவு வித்தியாசம்? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அந்த 3-ஐ வைத்துக் கலங்காதீர்கள், எடுத்த நாள்தான் தவறு. கருமுட்டை வெளியானபின் சினைப்பையில் மிஞ்சும் கூடுதான் புரோஜெஸ்ட்டிரோனைச் சுரக்கிறது. ஏறத்தாழ 7 நாளில் அது உச்சத்தைத் தொடும். 28 நாள் சுழற்சிக்கு அந்த நாள் 21. உங்களுக்கோ முட்டை வெளியாவதே 21-ஆம் நாள் வாக்கில்தான். அன்று அளவு குறைவாகத்தான் இருக்கும். அடுத்த மாதவிடாய்த் தேதியிலிருந்து 7 நாள் பின்னோக்கி எண்ணுங்கள்: 28-ஆம் நாள். அன்று 30 நானோமோலுக்கு மேல் வந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது எனக் கொள்ளலாம். சுழற்சி 32, 38 என்று மாறுமானால் மாதவிடாய் வரும்வரை வாரம் ஒருமுறை எடுக்கச் சொல்வார்கள்.

முட்டை வளர்ந்து வெளியாவதோடு தொடர்புள்ள எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ரடயால் ஹார்மோன்கள் மூன்றையும் மாதவிடாயின் 2 முதல் 4-ஆம் நாளுக்குள் எடுக்க வேண்டும். பழுப்பாகத் துளித்துளியாய்ப் படுவது கணக்கில் சேராது. பேட் நனையச் சிவப்பாகப் போகும் நாளே முதல் நாள். வெள்ளிக்கிழமை தொடங்கினால் திங்கட்கிழமை 4-ஆம் நாள், அன்று போனால் போதும். எஃப்எஸ்எச்சை மட்டும் தனியாக எடுக்காதீர்கள். எஸ்ட்ரடயால் ஏறியிருந்தால் அது எஃப்எஸ்எச்சை அமுக்கி, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும்.

ஏஎம்எச்சை எந்த நாளும் எடுக்கலாம். உங்கள் அறிக்கையில் அலகைப் பாருங்கள்: பிகோமோல் என்றிருக்கும். தங்கையுடையது நானோகிராமாக இருக்கும். 14.3-ஐ 7.14-ஆல் வகுத்தால் நானோகிராம் கணக்கில் 2. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான்! முட்டை இருப்பு எவ்வளவு என்பதைத்தான் இது சொல்லும். இயற்கையாகக் கருத்தரிப்பீர்களா என்பதை அல்ல. முடி உதிர்வுக்குப் பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் 3 நாள் முன்பே நிறுத்திவிட்டு, ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள். சில கருவிகளில் ஏஎம்எச், எஃப்எஸ்எச், தைராய்டு டிஎஸ்எச் மூன்றையும் அது குறைத்துக் காட்டும். புரோஜெஸ்ட்டிரோனைக் கூட்டிக் காட்டும்.

ஓராண்டு ஆகிவிட்டதால் இனித் தள்ளிப்போடாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கி கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். கணவரின் விந்துப் பரிசோதனையும் கூடவே நடக்கட்டும். அதற்கு 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். மாதக்கணக்கில் மனைவி மட்டும் ஊசி குத்திக்கொள்வது நியாயமே இல்லை.

கேள்வி: பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் சற்றுக் கூடுதலாம். உடனே மாத்திரை வேண்டுமா? – வாசகி, தெம்பனிஸ்

பதில்: முதலில் மறுபரிசோதனை. எம்ஆர்டி ரயிலிலிருந்து வேகமாக நடந்து வந்து கையை நீட்டினால்கூட அது ஏறும். விழித்து 2 மணி நேரமாவது கழித்து, அரை மணி அமைதியாக உட்கார்ந்த பின் கொடுங்கள். வாந்திக்குச் சாப்பிடும் டொம்பெரிடோனும் அதை ஏற்றும், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.