அமைதியாகப் பார்க்கிறார்கள், கற்கிறார்களா?

கேள்வி: தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி நான். கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குச் செல்கிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறை. திரையில் காணொலி ஓடினால் பிள்ளைகள் அசையாமல் பார்க்கிறார்கள், நிறுத்தியதும் சந்தைக்கடைதான். "படம் காட்டினால் பாடம் நடத்தியதாகிவிடுமா?" என்கிறார் வகுப்பாசிரியை. நான் செய்வது தவறா?

பதில்: தவறில்லை. ஆனால் உங்கள் வகுப்பாசிரியை கேட்பது நல்ல கேள்வி, அதற்காக அவர்மீது வருத்தம் வேண்டாம். அசையாமல் பார்க்கும் பிள்ளை என்ன புரிந்துகொண்டாள் என்பது நீங்கள் கேட்டால்தான் தெரியும்.

34இல் உள்ள 3 ஏன் முப்பது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டுவதைத் திரையில் எத்தனை முறை காட்டினாலும், பிள்ளை தானே எண்ணி ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு கட்டுவதற்கு ஈடாகாது. அங்கே திரை வேண்டாம். கூட்டுப்புழு வண்ணத்துப்பூச்சியாக வெளிவருவதோ பல நாள் வேலை, நம் பாடவேளைக்குக் காத்திருக்காது. அங்கே திரை தாராளமாக வரட்டும்.

கைக்கணினியில் எனக்கு மிகவும் பிடித்தது காணொலி அல்ல, ஒலிப்பதிவு. ஒவ்வொரு பிள்ளையையும் நான்கு வரி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மூன்று வகுப்புகள் ஒன்றாக இரையும் அறையில் 'பள்ளி'யைப் 'பல்லி' என்று வாசிக்கும் குரல் உங்கள் காதில் விழாது. மாலையில் பதிவைக் கேட்டால் விழும். மறுநாள் அதை அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டுங்கள். பல பிள்ளைகள் நாம் சொல்வதற்கு முன்பே திருத்திக்கொள்வார்கள். (பதிவை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். தடுமாறி வாசிப்பதை ஊர் கேட்க வேண்டியதில்லை.)

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் (மேல்நிலை) எனப் பிரிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: அரும்பு நிலைப் பிள்ளைகளைத் திரைமுன் உட்காரவைத்துவிட்டு, சரளமாக வாசிப்பவர்களோடு பாடத்தை நகர்த்துகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். மலர் நிலையினர் கதைக் காணொலி பார்க்கட்டும்; நீங்கள் அரும்புகளோடு தரையில் உட்காருங்கள். ஆசிரியர் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

பாடநூலின் கியூ.ஆர். குறியீடோ பள்ளிக் கல்வித் துறையின் பாடக் காணொலிகள் உள்ள மணற்கேணி செயலியோ, எதுவானாலும் வகுப்புக்கு முந்தின நாளே முழுவதும் பார்த்துவிடுங்கள். வகுப்பில் இணையம் சுற்றிக்கொண்டிருந்தால் பிள்ளைகளைத் திரும்பப் பிடிப்பது கடினம். பாடக்குறிப்பில் 'காணொலி காட்டுதல்' என்று மட்டும் எழுதாமல், எந்த இடத்தில் நிறுத்துவீர்கள், நிறுத்தி என்ன கேட்பீர்கள், யாரிடம் கேட்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். வகுப்புக்குப் போகும் முன் வகுப்பாசிரியையிடம் அதைக் காட்டுங்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.