கூரை போட்ட பாலங்கள்

கேள்வி: அக்டோபரில் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். பக்கத்தில் பார்க் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 'கூரைப் பாலத் திருவிழா' நடக்குமாம், கட்டாயம் பார்க்கணும் என்கிறான். பாலத்துக்கு எதற்கப்பா கூரை என்று அவனைக் கேட்டேன், தெரியவில்லை.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: நல்ல ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். பொதுப்பணித்துறையில் பாலம் கட்டியே தலை நரைத்தவன் நான். மகள் என்னை அங்கே அழைத்துப் போனபோது எல்லோரும் கடைகள் பக்கம் போய்விட்டார்கள். நான் பாலத்துக்குள் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

கூரை, போகிறவர்கள் நனையாமல் இருக்க அல்ல. பாரம் தாங்கும் சட்டங்கள் முழுக்க மரம். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்துகொண்டே இருந்தால் மூட்டுகளில் தண்ணீர் இறங்கிச் சில வருஷத்தில் உளுத்துவிடும். மேலே கூரை, இருபக்கமும் பலகை என்று மூடிவிட்டால் நூறு வருஷம் தாண்டியும் நிற்கும். கூரையும் தரைப் பலகையும் பழுதானால் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் சட்டம் கெடக்கூடாது, அவ்வளவுதான். பக்கவாட்டில் பாருங்கள்: பெரிய மர வளைவு ஒன்று எழும்பி இறங்கும். தியோடர் பர் என்பவர் கொண்டுவந்த முறை அது. வளைவையும் சட்டத்தையும் சேர்த்துப் பூட்டியிருப்பார்கள்.

ஜே.ஜே. டேனியல்ஸ் அங்கே கட்டிய ஜாக்சன் பாலம் 1861-ஐச் சேர்ந்தது. இன்னும் நிற்கிறது. கவுண்டியில் மொத்தம் 31 கூரைப் பாலங்கள். பல பாலங்களின் முகப்பில் 'நடை வேகத்தில் கடக்கவும்' என்று எழுதியிருக்கும். குதிரைகள் ஓட்டமாக ஓடினால் பாலம் அதிரும் என்ற பயம்!

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். எங்கே போவது?

பதில்: 1957-இலிருந்து நடக்கிற விழா. அக்டோபர் இரண்டாம் வெள்ளியில் தொடங்கிப் பத்து நாள். ராக்வில் ஊரின் நீதிமன்ற வளாகம்தான் மையம். அங்கிருந்து வண்ணம் வண்ணமாகப் பெயரிட்ட ஐந்து வழிகள் பிரியும். ஐந்தையும் பார்க்க ஆசைப்பட்டால் காரிலேயே பொழுது போய்விடும். நான் சொல்வது பிரிட்ஜ்டன் என்ற ஊர். அங்கே 1868-இல் டேனியல்ஸ் கட்டிய பாலத்தை 2005-இல் யாரோ தீ வைத்து எரித்துவிட்டார்கள். மறு வருஷமே அதே இடத்தில் புதிதாக எழுப்பிவிட்டார்கள். பக்கத்திலேயே மாவு ஆலை. 1823-இலிருந்து அந்த இடத்தில் ஆலை இருக்கிறது. கல்லில் மக்காச்சோளம் அரைபடும் வாசனைக்காகவே கொஞ்ச நேரம் நிற்கலாம். சனி, ஞாயிறு வேண்டாம், கார்கள் நகராது.

கேள்வி: கைவினைப் பொருள்கள் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். தொழிற்சாலைச் சாமான்களை அடுக்கி வைத்த கடைகளும் நிறைய. "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். சொந்தமாகச் செய்தவர் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு விளக்க ஆரம்பித்துவிடுவார். ஒருவர் துடைப்பம் கட்டும் விதத்தை எனக்குக் காட்டியதில் மகள் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். ஒட்டுத்துணிப் போர்வைகள் விலை அதிகம். கையால் தைத்தது என்றால் பல மாத உழைப்பு. அதில் போய் நம்மூர்ச் சந்தையில் பேசுவதுபோல் பேரம் பேசாதீர்கள்.

அப்புறம், புடவைக்குக் கீழே ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கார் நிறுத்துவது பெரும்பாலும் புல்வெளியில்; முதல்நாள் மழை பெய்திருந்தால் சேறுதான். காலையில் ஸ்வெட்டர் வேண்டும், மதியம் அதை மகனிடம் கொடுத்துவிடலாம்.