பழைய கேபிள் த்ரொட்டிலில் மோட்டர் பூட்டிய பிறகு வேகம் ஏறி இறங்கினால்

வணக்கம் அண்ணே. நுவரெலியா கிரகரி வாவியில் ஓடும் உங்கள் பழைய படகின் த்ரொட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) கேபிளை இழுக்க மோட்டரும் இலத்திரனியல் கன்ட்ரோலரும் பூட்டியும் வேகம் நிலையாக நிற்கவில்லை என்கிறீர்கள்.

கன்ட்ரோலரை மாற்ற அவசரப்படாதீர்கள். கேபிளை எஞ்சின் பக்கம் கழற்றி, இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நறநறவென்று இடறினால் உறைக்குள்ளே துரு. வேகம் போதவில்லை என்று கன்ட்ரோலர் இழுத்துக்கொண்டே இருக்கும். கேபிள் திடீரென்று விடும்போது எஞ்சின் அலறும். புதுக் கேபிள் போடுங்கள். முடிந்தால் மோட்டரைக் கார்புரேட்டருக்கு (காற்றையும் பெற்றோலையும் கலக்கும் பாகம்) பக்கத்திலேயே வைத்துக் குட்டைக் கம்பியால் இழுக்க விடுங்கள்.

த்ரொட்டிலைத் திரும்ப மூடும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைக் கழற்றவே கூடாது. பெட்டரி இணைப்பு அறுந்தால் மோட்டர் பிடியை விட வேண்டும், ஸ்பிரிங் த்ரொட்டிலை மூட வேண்டும். திருகாணி போன்ற தண்டைச் சுற்றித் தள்ளி இழுக்கும் திருகுத் தண்டு மோட்டர் அப்படி விடாது, இருந்த இடத்திலேயே நிற்கும். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடிய படகில் நான் அதைத்தான் பூட்டினேன். பியூஸ் போனதும் படகு பாதி த்ரொட்டிலில் நேரே கரையைப் பார்த்துப் போனது! மணிக்கட்டில் மாட்டியிருந்த சிவப்பு அவசர நிறுத்தக் கயிற்றை இழுத்துத்தான் எஞ்சினை நிறுத்தினேன். மின்சாரம் நின்றதும் பிடியை விடும் கிளட்ச் உள்ள மோட்டராக எடுங்கள். கியர் கேபிளுக்கு மோட்டர் வேண்டாம், அது கையாலேயே இயங்கட்டும்.

அப்புறம், நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டர் கலவையில் பெற்றோல் கூடிவிடும், ஐடில் (த்ரொட்டில் மூடியிருக்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) தடுமாறும். சரி, அதைச் சீராக்கிய பிறகே கன்ட்ரோலரில் குறைந்தபட்ச வேகத்தைப் பதியுங்கள்.