வன்னியில் இயங்கும் சிறிய சங்கங்களுக்கு எப்படி நிதி கொடுத்தால் உண்மையில் பயன்படும்?

கனடாவில் நண்பர்கள் சேர்ந்து காசு திரட்டுகிறோம், எந்தத் திட்டத்துக்குக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டத்துக்கு என்று கட்டிப்போடாமல் சங்கத்துக்கே கொடுங்கள், இரண்டு மூன்று வருடத்துக்குத் தொடர்ந்து கொடுங்கள்.

முல்லைத்தீவில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். 2018 டிசம்பர் வெள்ளத்தில் ஊர்க் கிணறுகள் எல்லாம் சேற்றுத் தண்ணீர். இறைக்கப் பம்ப் வாடகையும் எண்ணெயும்தான் தேவை, வங்கியில் காசும் கிடந்தது, ஆனால் அது தையல் பயிற்சிக்கென்று வந்த காசு. மாற்றிச் செலவழிக்க அனுமதி கேட்டு எழுதினோம். மறுமொழி வருவதற்குள் சனம் கைக்காசைப் போட்டு இறைத்து முடித்துவிட்டது, அதுவும் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற சனம்.

அப்புறம் சம்பளம். பயனாளிக்கு மட்டும்தான் தருவோம், நிர்வாகச் செலவுக்கு இல்லை என்பார்கள் கொடையாளர்கள். தையல் மெஷின் கொடுத்த வீட்டுக்கு மாதாமாதம் போய் ஊசி உடைந்ததா, ஓடர் வருகிறதா என்று பார்க்கிற பிள்ளைக்கு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் யார் அடிப்பது? 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறியபோது ரூபாயில் ஒப்பந்தம் எழுதிய சங்கங்களின் கையில் பழைய தொகைதான் இருந்தது, சாமான் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. விலை ஏறினால் தொகையும் ஏறும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் பாதிச் சங்கடம் தீர்ந்திருக்கும்.

நிபந்தனை இல்லாமல் கொடுப்பது கனவில்லை. அமெரிக்காவில் மெக்கென்சி ஸ்கொட் என்ற பெரும் பணக்காரப் பெண் 2020 இலிருந்து அப்படித்தான் பெருந்தொகை கொடுத்து வருகிறார். 2016 இல் இஸ்தான்புல்லில் பெரிய கொடையாளர்கள் கூடி, மனிதாபிமான நிதியில் 25 சதவீதமாவது 2020க்குள் உள்ளூர் அமைப்புகளுக்குப் போகவேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள், அந்த இலக்கை எட்டவில்லை. உங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு உள்ளூர்ச் சங்கத்துக்கு நேரே கொடுப்பது சுலபம், நடுவில் ஒருவரும் இல்லையே.

கணக்குக் கேட்கவேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் கேளுங்கள், ஆனால் தமிழில் கேளுங்கள். ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் எழுதத் தெரிந்தவர்களுக்கே காசு போவதால்தான் நல்ல வேலை செய்கிற பல சங்கங்கள் பட்டியலிலேயே வருவதில்லை. ஒரே ஒரு கடை உள்ள ஊரில் மூன்று கொட்டேசன் கேட்காதீர்கள். வங்கிக் கூற்றும் பற்றுச்சீட்டும் வாங்கிப் பாருங்கள், ஊருக்கு வரும்போது சங்கக் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் இருந்து உறுப்பினர்களிடமே விசாரியுங்கள்.